கடலோரச் சோழநாட்டில் புத்தரைத் தேடிப் போகிறவர்களுக்கு: பூம்புகார் முதல் நாகப்பட்டினம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிப் படுகையில் பெரிய புத்தர் சிலை எங்கே இருக்கிறது என்று கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் கடலோர ஊரான காமகுராவில், பீடத்தோடு சேர்த்து 13 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் திறந்தவெளியில் அமர்ந்திருக்கிறாரே, அப்படியொரு வெண்கலப் புத்தர் இங்கே இல்லை. இங்கே இருப்பவை பெரும்பாலும் சில அடி உயரமுள்ள, மிஞ்சிப்போனால் உட்கார்ந்த நிலையில் ஆளுயரத்தை எட்டுகிற கருங்கல் சிலைகள். அவையும் கோயில் வளாகத்தில் அல்லாமல் அரசமரத்தடியிலும் வயலோரத்திலும் அருங்காட்சியகத்திலும் இருப்பவை. காமகுராவுக்கும் நமக்கும் ஒரு பொருத்தம் உண்டு: அந்தப் புத்தரைச் சுற்றியிருந்த மண்டபத்தை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கொண்டுபோய்விட்டது என்பது அவ்வூர்ச் செய்தி, புகாரைக் கடல் கொண்டது என்பது நம்முடைய செய்தி. அங்கே மண்டபம் போய்ச் சிலை எஞ்சியது. இங்கே கடலோரத்து விகாரைகள், அதாவது பௌத்தத் துறவிகளின் மடங்கள், எல்லாம் போய், சிலைகள் திசைக்கொன்றாகச் சிதறின. ஆகையால் இந்தப் பயணத்தில் ஒரே இடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. இடம் ஓரிடத்திலும், சிலை வேறிடத்திலும், அவற்றைப் பற்றிய ஆவணம் இன்னோரிடத்திலும் இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை இங்கே மிகவும் முக்கியம். அந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்

தை கடைசி வாரம் முதல் பங்குனி முடிய உள்ள காலமே இதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நாகை, மயிலாடுதுறைக் கரையோரத்தை விடாமல் நனைக்கும். சம்பாப் பயிர் நிற்கும் வயல்களின் வரப்புகளில் கால் வைத்தால் முழங்கால் வரை சேறுதான். தைப் பொங்கலுக்குப் பின் அறுவடை முடியத் தொடங்கும். மழைக்காலத்தில் இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டிய ஒரு வயல்நடுச் சிலையை அப்போது அறுத்த தாளின் மீதே நடந்து நேராகப் போய்ப் பார்த்துவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலைப் பொறுக்கக்கூடியவர்கள் வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி வரலாம். புத்தர் சிலை உள்ள சில ஊர்களில் அன்று விளக்கேற்றிப் படைப்பார்கள்.

இரண்டு முழு நாள்களை ஒதுக்குங்கள். முதல் நாளைக்கு மயிலாடுதுறையையும் இரண்டாம் நாளைக்கு நாகப்பட்டினத்தையும் தங்குமிடமாக வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். முதல் நாள் பயணத்தைப் பேருந்திலேயே முடிக்கலாம். இரண்டாம் நாள் உள்ளூர்ச் சாலைகளில் சுற்ற வேண்டியிருப்பதால் இரண்டு சக்கர வாகனமோ வாடகைக் காரோ தேவை. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு முறை எண்பது கிலோமீட்டர் பயணம் செய்து பூட்டிய வாசலுக்கு முன்னால் நின்றேன். காவலாளி எனக்காக வருத்தப்பட்டதோடு சரி. எனவே வெள்ளிக்கிழமை உங்கள் பயணத்தின் முதல் நாளாக இருக்கட்டும்.

கையில் ஒரு சிறிய டார்ச் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிலையின் நேரெதிரே நின்று வெளிச்சம் அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் இருந்து, தரைக்கு இணையாகப் பிடித்தால், எண்ணெயும் காலமும் மழுக்கிய சீவரத்தின் (துறவி ஆடையின்) மடிப்புக் கோடுகூட எழுந்து நிற்கும்.

முதல் நாள் காலை: பல்லவனேச்சரம்

பூம்புகாருக்கு வருகிறவர்கள் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கடந்துபோகும் வழியிலேயே, பல்லவனேச்சரத்தில், 1960களில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் கிடக்கிறது. காலை ஏழரை மணிக்குள் இங்கே வந்துவிடுவது நல்லது. வெயில் சாய்வாக விழும்போதுதான் செங்கல் வரிசைகளுக்கு நிழல் கிடைத்து, எது சுவர், எது வாயில் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இங்கே நிற்கும்போது உயரத்தைத் தேடாதீர்கள், அளவைத் தேடுங்கள். வரிசையாக அமைந்த சிறு சதுர அறைகள் தெரியும். ஒரு துறவி படுத்தால் காலுக்கும் தலைக்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான். முன்னால் நடை. நான் எப்போதும் ஓர் அறையைத் தேர்ந்துகொண்டு வெளியில் நின்றபடியே அதன் பக்கங்களைக் காலடியால் அளந்து பார்ப்பேன். மணிமேகலைக் காப்பியம் புகாரில் இருந்ததாகச் சொல்லும் இந்திர விகாரங்கள் ஏழையும் படித்துவிட்டுப் பளிங்கு மாளிகைகளை மனத்தில் கட்டிக்கொண்டு வந்திருப்போம். இந்த அறைகள் அந்தக் கற்பனையைத் தரைக்குக் கொண்டுவருகின்றன. இந்த விகாரையைப் பொது ஆண்டு 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கணிக்கிறார்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் புத்ததத்தர் என்ற சோழநாட்டுத் தேரர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரை ஒன்றில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதினார். அவர் இருந்த விகாரை இதுதான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஓர் அறையில் இருந்துதான் எழுதியிருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

இந்த அகழாய்வில் கிடைத்த முக்கியமான பொருள் புத்தபாதம். புத்தரை உருவமாகச் செய்வதற்கு முன்பும், செய்யத் தொடங்கிய பின்பும், அவருடைய திருவடிகளைக் கல்லில் செதுக்கி வழிபடும் மரபு இருந்தது. இங்கே கிடைத்தது ஆந்திரத்துப் பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லில் ஆனது, அதாவது அமராவதிச் சிற்பங்களின் கல். சோழநாட்டு வண்டல் மண்ணில் கல்லே கிடையாது என்பதால் எங்கிருந்தோ வந்துதானே ஆக வேண்டும்! சுவஸ்திகம், பூரண கும்பம் போன்ற மங்கலக் குறிகள் அதில் செதுக்கப்பட்டுள்ளன. மணிபல்லவத் தீவில் மணிமேகலை கண்டு தொழுததும் இப்படியொரு பாத பீடிகையைத்தான். செங்கல் அடித்தளத்தைப் பார்த்த கையோடு இந்தப் பாதத்தின் படத்தையாவது ஒரு முறை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சிலைகளைப் பார்க்கும்போது, உருவம் எங்கிருந்து தொடங்கியது என்பது நினைவில் இருக்கும்.

பிறகு கடலுக்குப் போங்கள். பூம்புகார்க் கடல் குளிப்பதற்கு உகந்தது அன்று. அலை இழுப்பு அதிகம். கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

முதல் நாள் பிற்பகல்: நாகப்பட்டினம்

பூம்புகாரிலிருந்து தெற்கே தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் வழியாகக் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே நாகப்பட்டினத்துக்கு வரலாம். தரங்கம்பாடியில் டேனியக் கோட்டையைப் பார்க்கும் ஆசை எழும். அதற்கு வேறொரு நாள் வையுங்கள். நாகப்பட்டினத்தில் உங்களுக்கு நேரம் வேண்டும். ஏனென்றால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தமிழகத்தில் கடலோரப் புத்த வளாகம் என்று ஒன்றைச் சொன்னால் அது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைதான். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்க வர்மன், தன் தந்தை சூளாமணி வர்மனின் பெயரால் முதலாம் இராசராசன் காலத்தில் எழுப்பியது; 1006ஐ ஒட்டிய பணி. கடல் கடந்த ஓர் அரசன் பணம் தந்து எழுப்பிய பௌத்தப் பள்ளிக்கு, தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் கட்டிக்கொண்டிருந்த அரசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு உரிய அறக்கொடை நிலமாக, கொடுத்தான். 97 வேலிக்குச் சற்றுக் கூடுதலான நிலம். அதிலிருந்து 8,943 கலத்துக்குச் சற்றுக் கூடுதலான நெல். எல்லை வகுப்பதற்காகப் பிடியானையை நடக்கவிட்டு நான்கு பக்கமும் குறித்தார்கள். இவ்வளவையும் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இராசராசன் சொன்ன கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் இராசேந்திரன். அதே இராசேந்திரன்தான் 1025இல் கடாரத்தின் மீது கப்பற்படையை அனுப்பினான். போருக்குப் பிறகும் பள்ளி நின்றது. முதலாம் குலோத்துங்கன் 1090இல் மீண்டும் செப்பேடு கொடுத்தான். அரசியல் வேறு, அறக்கொடை வேறு என்பதை அன்றைய கணக்கர்கள் நன்றாகவே பிரித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

இனி, தரையில் என்ன செய்வது? வெளிப்பாளையத்திலிருந்து தொடங்குங்கள். 1856இல் இயேசு சபைப் பாதிரியார்கள் ஒரு கட்டடத்துக்காகப் பெரிய இலுப்பை மரத்தை அகற்றியபோது அதன் அடியில் ஐந்து பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அதன் பின்னர் 1930கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் கிடைத்தவை ஏறத்தாழ 350. அந்தத் தெருக்களில் இன்று வீடுகளும் கடைகளும்தான் உள்ளன. நடந்துபோகும்போது தெருவின் மேடு பள்ளத்தை மட்டும் கவனியுங்கள். கடலோர ஊரில் இயல்பாக இருக்க வேண்டிய சமதரைக்கு மேலே எங்கெல்லாம் தரை சற்று உயர்கிறதோ, அங்கெல்லாம் அடியில் பழைய குடியிருப்போ இடிபாடோ இருக்கக்கூடும் என்பது அகழாய்வுக்காரர்கள் சொல்லித்தரும் முதல் பாடம்.

பிறகு கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கமாகக் கடற்கரைக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நாகப்பட்டினத்துக்கு வடக்கே புதுவெளிக் கோபுரம் என்று மக்கள் அழைத்த, ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்று அழைத்த மூன்று நிலைச் செங்கல் கட்டடம் ஒன்று நின்றது. 1846இல் அதைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட், நான்கு பக்கமுள்ள அந்தக் கோபுரத்தின் செங்கற்கள் சாந்து இல்லாமலேயே நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்ததாகக் குறித்திருக்கிறார். கடலில் வரும் கப்பல்களுக்கு அது அடையாளமாக இருந்தது. 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாகக் கடலும் புயலும் விட்டுவைத்ததை ஒரு கோப்பில் போட்ட கையெழுத்து முடித்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கரையில் நிற்கும்போது நினைத்துக்கொள்ள இன்னொரு கூட்டம் உண்டு. 1476இல் பர்மாவிலிருந்து இலங்கைக்குச் சென்ற பிக்குகளில் சிலர் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து கரையேறி, நடந்து நாகப்பட்டினத்துக்கு வந்தார்கள். பழைய விகாரை இருந்த இடத்தைப் பார்த்து, சீன அரசன் செய்வித்ததாகச் சொல்லப்பட்ட குகையில் இருந்த புத்தரை வணங்கிச் சென்றதாகப் பர்மாவில் உள்ள பெகுவின் கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் வந்தபோதே அது ‘விகாரை இருந்த இடம்’தான். நாம் வந்திருப்பதும் அதற்கேதான்.

இரண்டாம் நாள்: ஊர்களில் இருக்கும் புத்தர்

இந்த நாளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து மேற்கே கீழ்வேளூர்ப் பக்கம் போங்கள். செப்பேட்டில் வரும் ஆனைமங்கலம் இந்தப் பகுதியில் இன்னும் அதே பெயரில் இருக்கிறது. 97 வேலி என்பது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அவ்வூர் வயல் நடுவே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். இதே வட்டாரத்தில் ஊர்ப் பெயரிலேயே புத்தரை வைத்திருக்கும் புத்தமங்கலமும் உண்டு. அங்குள்ள சிலையை மக்கள் புத்தர் என்று அறிந்தே வழிபடுகிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் அப்படி இல்லை. புத்தர் சிலை என்று கேட்டால் பெரும்பாலான ஊர்களில் தெரியாது என்றுதான் பதில் வரும்.

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில் ஒரு சிற்றூரில் எனக்கு நேர்ந்தது இது. தேநீர்க் கடையில் நான்கு பேரிடம் விசாரித்தேன். “அப்படி எதுவும் நம்ம ஊர்ல இல்லீங்க” என்று நால்வரும் சொன்னார்கள். திரும்பப் போகும் நேரத்தில், கீரைக் கட்டோடு வந்த ஒரு மூதாட்டி நின்று, “காது நீட்டமா, சம்மணம் போட்டு உக்காந்திருப்பாரே, அவரயா கேக்குறீங்க தம்பி? அவரு செட்டியாருல்ல!” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்; அவர்கள் தினமும் கடந்துபோகும் சிலைதான் அது.

ஆகவே ஊருக்குள் போனதும் கேட்க வேண்டிய பெயர்கள் வேறு. தொங்கும் காதைக் கடுக்கன் போட்ட காதாகக் கருதியதால் பல ஊர்களில் அவர் செட்டியார். சில இடங்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார். மயிலாடுதுறைக்கு அருகே பெருஞ்சேரியில் அவரை ரிஷி என்பார்கள். இன்னும் சில ஊர்களில் அமணர். பெயர் தெரியவில்லையானால் அந்த மூதாட்டி சொன்னதுபோல் உருவத்தைச் சொல்லிக் கேளுங்கள்; இளைஞர்களைவிட ஆடு மேய்ப்பவர்களுக்கும் வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

சிலையின் முன் வந்துவிட்டீர்கள் என்றால், முதலில் அது புத்தரா, சமணத் தீர்த்தங்கரரா என்று பார்க்க வேண்டும். இருவரும் ஒரே போல அமர்ந்து, ஒரே போல மடியில் கை வைத்திருப்பார்கள். இடது தோளின் மேல் ஆடையின் விளிம்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் புத்தர், திகம்பரத் தீர்த்தங்கரர் மேனியில் ஆடை இராது, தலைக்கு மேல் முக்குடை இருக்கும். அடுத்து தலை உச்சி. சோழநாட்டுப் புத்தருக்குச் சுருள்முடியின் மேல் தீச்சுடர் போல ஒரு முடி எழுந்து நிற்கும். உடைந்து போயிருந்தாலும் அதன் அடித்தடம் இருக்கும். நெற்றியில் சிறு திலகக்குறி, பாதி மூடிய கண்கள், உதட்டோரத்தில் மெல்லிய சிரிப்பு, மடியில் விரிந்த உள்ளங்கையில் சில சிலைகளில் அறவாழிக் குறி, அதாவது தருமச் சக்கரம். அந்த மூதாட்டி அழைத்துப்போய்க் காட்டிய சிலையில் எண்ணெய்ப் பிசுக்கால் நெற்றிக்குறி மறைந்து, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. உள்ளங்கைக்குள் யாரோ ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்திருந்தார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது, நாணயத்தின் விளிம்புக்கு வெளியே கல்லில் செதுக்கிய சக்கரத்தின் ஒரு வளைவு மட்டும் தெரிந்தது. நாணயத்தை நான் நகர்த்தவில்லை.

நீங்களும் நகர்த்த வேண்டாம். இவை கேட்பாரற்ற பழம்பொருள்கள் அல்ல, வழிபாட்டில் உள்ள சாமிகள். செருப்பைக் கழற்றிவிட்டு நெருங்குங்கள். படம் எடுப்பதற்கு முன் பக்கத்து வீட்டிலாவது ஒரு வார்த்தை கேளுங்கள். மாலையை விலக்குவது, எண்ணெயைத் துடைப்பது, சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்ப்பது எதுவும் கூடாது. “இது உண்மையில் புத்தர், நீங்கள் தவறாகக் கும்பிடுகிறீர்கள்” என்று பாடம் நடத்தவும் கூடாது. கேட்டால் சொல்லுங்கள். சிலையின் இருப்பிடத்தைத் துல்லியமான வரைபடக் குறியோடு இணையத்தில் போடுவது ஊருக்குச் செய்யும் கெடுதல். சிலை திருடுகிறவர்களும் அதைப் படிக்கிறார்கள். குளம் வெட்டும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ புதிதாக ஒரு சிலை வெளிப்பட்டதைக் கண்டால், கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவிக்கச் சொல்லுங்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

மாலைக்குள் திருவாரூர் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுங்கள். ஊர்களில் சந்தனத்துக்கும் மாலைக்கும் அடியில் அரைகுறையாகப் பார்த்ததை இங்கே கல்லாக முழுமையாகப் பார்க்கலாம். இன்னும் ஒரு நாள் இருந்தால் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போகலாம். அங்கு நடராசர் கூடங்களில் கூட்டம் அதிகம் என்பதால் புத்தரைத் தனியாகக் கேட்டுத்தான் தேட வேண்டியிருக்கும்.

சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு

இந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி படுகைக்கு வெளியே, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிப்பாளையத்துத் தெருக்களில் தோண்டி எடுத்த படிமங்களில் பெரும் பகுதி அங்கேதான். பலவும் சாண் உயரம்கூட இல்லாத நேர்த்திக்கடன் படிமங்கள். பெரியவற்றில் இருபுறமும் நாகராசர்கள் கவரி வீச மரத்தடியில் அமர்ந்த புத்தரைப் பாருங்கள். வெறுங்கையோடு நாகப்பட்டினத்துக் கரையில் நின்றுவிட்டு வந்தவர்களுக்குத்தான் இந்தக் கண்ணாடிப் பெட்டிகள் பேசும் என்பது என் அனுபவம். முதலில் இங்கே பார்த்துவிட்டு நாகைக்குப் போனவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பியதையும் பார்த்திருக்கிறேன்.

நாகப்பட்டினத்துப் படிமங்களில் ஒன்று இன்று நியூயார்க்கில் இருக்கிறது. அதன் பீடத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, இராசேந்திர சோழப் பெரும்பள்ளியில் கம்மியர்களுக்கு உரிய அக்கசாலைப் பெரும்பள்ளியின் கோயிலுக்காக, திருவிழாவில் எழுந்தருளச் செய்யப்பட்ட படிமம் அது என்று சொல்கிறது. அந்தக் கல்வெட்டு புத்தரைக் குறிப்பிடும் பெயர் ‘ஆழ்வார்’. எழும்பூரில் உள்ள படிமங்களைப் பார்க்கும்போது முகத்தோடு நின்றுவிடாமல் குனிந்து பீடத்தையும் பாருங்கள். எழுத்து இருக்கிறதா, பல்லக்கில் வைத்துக் கட்டுவதற்கான வளையமோ முளையோ இருக்கிறதா என்று. இருந்தால், உங்களுக்கு முன்னால் இருப்பவர் நாகப்பட்டினத்துத் தெருக்களில் தோளில் ஏறி உலா வந்தவர்.